பிணம் விழாத புத்தகம்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கொலைக்கா என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். புதிதாக வேலைக்குச் சேரும் டாக்டர்கள் முதல் தடவை அந்தப் பெயரைக் கேட்டதும் ஆடிப்போவார்கள். வெளுத்த படுக்கை விரிப்புகளை மார்போடு அணைத்துக்கொண்டு, கண்ணாடி ஆவியில் மங்கிப்போய், ஒருவரையும் கடிந்து பேசத் தெரியாத முகத்தோடு ஒரு பெண் வந்து நிற்பதைப் பார்த்த பிறகுதான் அவர்களுக்கு மூச்சு வரும்.

பெயர் வந்ததற்குக் காரணம் அவள் வாசிப்பு. காலை முழுவதும் அந்தக் கூடத்தில் இயந்திரங்கள் போடும் கூச்சலில் பக்கத்தில் நிற்பவள் தும்மினால்கூடக் கேட்காது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொதிகலனை நிறுத்தி ஆறவிடுவார்கள். அதற்கப்புறம் மடிப்பு வேலைதான். விரிப்பு, தலையணை உறை, நோயாளிகளின் அங்கி என்று மலையாகக் குவிந்து கிடக்கும். நீளமான மேசைகளைச் சுற்றி நின்று எல்லோரும் மடிப்பார்கள், ஒருத்தி மட்டும் நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து உரக்கக் கதை வாசிப்பாள். அவள் பங்குத் துணியை மற்றவர்கள் சேர்த்து மடித்துவிடுவார்கள். இந்த ஏற்பாட்டை எந்த அதிகாரியும் செய்யவில்லை, எந்த அதிகாரியும் நிறுத்தவும் இல்லை. கொலைக்காவுக்கு அந்த ஸ்டூல் கிடைத்ததற்குக் காரணம் குரல். கடைசி மேசையில் நிற்பவளுக்கும் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகப் போய்ச் சேரும்.

ஆனால் அவள் வாசிப்பது ஒரே சாதிப் புத்தகம். மூன்றாம் பக்கத்துக்குள் ஒரு பிணமாவது விழவேண்டும். விழாவிட்டால் மூடி வைத்துவிடுவாள். காதல் கதைகளைப் பற்றி அவள் கருத்து: "ரெண்டு பேரும் உக்காந்து பேசித் தீர்த்துக்க வேண்டியதை முந்நூறு பக்கத்துக்கு இழுக்கறாங்க." குடும்பக் கதைகளைப் பற்றி இன்னும் சுருக்கம்: "அதான் வீட்டுலயே இருக்கே." துப்பறியும் கதை என்றால் மட்டும் அவளுக்குக் கண் பளிச்சென்று மின்னும். மடிப்பவர்கள் ஒவ்வொருவரும் ஒரு ஆள் மேல் சந்தேகப்பட்டு டீக்குப் பந்தயம் கட்டுவார்கள். பெரியக்கா என்று எல்லோரும் கூப்பிடும் மூத்த தொழிலாளி எப்போதும் சமையல்காரன் மேல்தான் சந்தேகப்படுவாள். கதையில் சமையல்காரனே இல்லாவிட்டாலும் வரட்டும் என்று காத்திருப்பாள்.

கொலைக்காவிடம் ஒரு ரகசியப் பழக்கம் இருந்தது. எந்தப் புத்தகத்தையும் முந்தின நாளே வீட்டில் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் எடுத்து வருவாள். ஆரம்ப காலத்தில் ஒரு கதையில், கொலைகாரி யாரென்று தெரியாமல், அவளுக்குத் தேன் ஒழுகும் குரலாகக் கொடுத்து வாசித்துவிட்டாள். கடைசியில் உண்மை வெளிப்பட்டதும் கூடமே அவள் மேல் பாய்ந்தது. அன்றிலிருந்து முடிவு தெரியாமல் முதல் வரியைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டாள். பந்தயம் கட்டுகிற கூட்டத்திடம் இதைச் சொன்னால் தோலை உரித்துவிடுவார்கள் என்பதால் மூச்சு விடவில்லை.

வேலையில் இதெல்லாம் சரி. வீட்டிலும் துப்பறிய ஆரம்பித்ததுதான் வினை.

மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. அவளும் பதினைந்து வயது மகளும்தான். மகளின் அப்பா பிரிந்து போய் ஆறு வருடம் ஆகிறது, வேறு ஊரில் இருக்கிறார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. நல்லவர்தான், நல்லவராகவே தூரத்தில் இருந்தார். அவர் பெட்டியோடு படியிறங்கிய அன்று, 'இருங்கள்' என்ற ஒரு சொல் அவள் தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டாள். இனி யாரையும் இரு என்று கெஞ்சுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தாள். அந்த முடிவை நிமிர்ந்த முதுகோடு காப்பாற்றியும் வந்தாள்.

அந்த வருடம் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து தாமதமாக வரத் தொடங்கினாள். கேட்டால் "சும்மாதான்" என்பாள். சும்மாதான் என்ற சொல்லைப்போலத் துப்பறிகிறவளைத் தூண்டிவிடும் சொல் வேறு இல்லை. கொலைக்கா வழக்கைக் கையில் எடுத்தாள். பையைத் துழாவினாள். சட்டையை முகர்ந்தாள். செருப்பில் ஒட்டிய மண் எந்தத் தெரு மண் என்று யோசித்தாள். வகுப்புத் தோழியின் அம்மாவிடம் சாதாரணமாகப் பேசுவதுபோல் வாயைப் பிடுங்கினாள். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, யாரோ ஒரு பையன் என்று தீர்ப்பும் எழுதிவிட்டாள். குற்றவாளியை உட்காரவைத்து ஆதாரங்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கும் கடைசி அத்தியாயம் அவளுக்கு மிகவும் பிடிக்கும். அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் நடத்திக் காட்டினாள்.

மகள் ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். அதற்கப்புறம் 'ம்', 'ம்ஹூம்' என்ற இரண்டு சொல்லில் அந்த வீட்டின் பேச்சு வார்த்தை நடந்தது. ஒரு நாள் மட்டும் முழு வாக்கியமாகச் சொன்னாள்.

"நான் அப்பாகிட்டயே போய் இருக்கேன். அங்கயே படிச்சுக்கறேன். அவர்கிட்ட கேட்டுட்டேன், சரின்னுட்டார்."

கொலைக்கா முதுகை நிமிர்த்திக்கொண்டாள். முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

"உன் இஷ்டம்," என்றாள்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மாலை அவர் வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு.

இந்த நிலைமையில்தான் அந்தப் புத்தகம் கூடத்துக்குள் வந்தது. சலவைக்கூடத்தில் எப்போதும் ஈரம் அடிக்கும் என்பதால், இரவல் புத்தகம் எதுவானாலும் கொலைக்கா முதலில் அட்டை போட்டுவிடுவாள். அறுவை சிகிச்சைத் துணிகளைச் சுற்றி வரும் நீலத் தாள் அங்கே வேண்டிய மட்டும் கிடைக்கும். அதே தாளில் மகளின் புத்தகங்களுக்கும் போட்டுக் கொடுப்பாள். பேச்சு நின்றுபோன பிறகும் அது நிற்கவில்லை. மகள் மேசையில் வைப்பாள், மறுநாள் காலை நீல உடுப்போடு இருக்கும். அவர் வருவதாக இருந்த வாரத்தின் திங்கட்கிழமை, கொலைக்கா அவசரத்தில் மேசையிலிருந்த நீலப் புத்தகத்தை எடுத்துப் பையில் திணித்துக்கொண்டு ஓடிவந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து விரித்தபோதுதான் தெரிந்தது, எடுத்து வந்தது மகளுடையது.

"என்னக்கா முழிக்கற? ஆரம்பி," என்றாள் புதுசு. ஒன்பது வருடமாக அங்கே வேலை செய்கிறாள். அவளுக்குப் பிறகு யாரும் சேரவில்லை என்பதால் இன்னும் புதுசுதான்.

"புத்தகம் மாறிப்போச்சுடி. இது என் பொண்ணோடது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க படிக்கறது."

"கொலை இருக்கா?"

"முதல் பக்கத்துப் படத்துல ஒரு பொண்ணு ஜன்னல் ஓரமா நிக்குது. அவ்வளவுதான்."

"தள்ளிவிட்டிருப்பாங்க," என்று பெரியக்கா நம்பிக்கையோடு சொன்னாள். "வாசி."

வேறு வழியில்லை. வாசித்தாள்.

பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி தானே சொல்லும் கதை. ஆற்றோரத்தில் ஒரு சின்ன ஊர். அம்மா செருப்பு தைத்துத் தரும் கடை வைத்திருக்கிறாள். பெரிய ஊரில் இருக்கும் அத்தை, 'இங்கே வந்து படி' என்று கூப்பிடுகிறாள். மூன்றாம் பக்கம் போனது, முப்பதாம் பக்கமும் போனது. ஒரு காயம்கூட இல்லை. பந்தயம் கட்டியே பழகிய கூட்டம் சும்மா இருக்குமா? அத்தைதான் கொலைகாரி என்று புதுசு சொன்னாள். அத்தைதான் சாகப்போகிறாள் என்று இன்னொருத்தி. அத்தை வீட்டில் நிச்சயம் சமையல்காரன் இருப்பான் என்றாள் பெரியக்கா. சிரித்துக்கொண்டேதான் மடித்தார்கள்.

கொலைக்காவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவள் வழக்கமாக வாசிக்கும் கதைகளில் 'நான்' என்று பேசுகிறவன் துப்பறிவாளன். அவன் சொல்லும் 'நான்' அவளுக்கு நன்றாகப் பொருந்தும், உடம்புக்குத் தைத்த சட்டை மாதிரி. இந்தக் கதையில் 'நான்' என்பது ஒரு சிறுபெண். வாயைத் திறந்தால் "என் அம்மா" என்று சொல்லவேண்டியிருக்கிறது. "அம்மா என்னைப் பார்ப்பதில்லை. சோதிக்கிறாள்" என்று தன் வாயாலேயே கூடம் முழுக்கக் கேட்கும்படி வாசித்தபோது, யாரோ பின்னாலிருந்து தோளைத் தொட்டதுபோல் தூக்கிவாரிப்போட்டது. திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. துணிக்குவியல்தான் இருந்தது.

அன்று மாலை வீட்டில், மாறிப்போன கொலைப் புத்தகம் மேசைமேல் தயாராக இருந்தது. மகள் அறை வாசலில் நின்றாள்.

"உன் புத்தகம் என்கிட்ட வந்துடுச்சு," என்றாள் கொலைக்கா. "எங்க கூட்டத்துல வாசிச்சுட்டேன். நாளைக்கும் கேப்பாங்க போல."

"நான் படிச்சு முடிச்சுட்டேன். வச்சுக்கோ."

அந்த மாதத்தில் மகள் பேசிய இரண்டாவது முழு வாக்கியம் அது. சொல்லிவிட்டு ஏதோ பதிலுக்குக் காத்திருப்பதுபோல் கொஞ்சம் நின்றாள். கொலைக்கா புத்தகத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குத் திரும்பினாள். கதவு சாத்திக்கொண்டது.

பழக்கம் விடுமா? சமையலறையில் நின்றபடியே கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். ரயில் கிளம்புகிறது. அந்தப் பெண் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். அம்மா நடைமேடையில் பாதி தூக்கிய கையோடு நிற்கிறாள். முடிந்தது கதை.

ஆக, போய்விடுகிறாள். கொலைக்கா எப்போதும் போல முடிவிலிருந்து பின்னோக்கி யோசித்தாள். மகள் இதைப் படித்து முடித்திருக்கிறாள், வச்சுக்கோ என்று வேறு சொல்லியிருக்கிறாள். நான் போவது முடிவாகிவிட்டது, நீயும் தெரிந்துகொள் என்பதுதான் செய்தி. இதைவிடத் தெளிவான தடயம் வேண்டுமா என்ன?  தெரிந்த முடிவை எதிர்த்து அவள் ஒருபோதும் வாசித்ததில்லை. போகிற பிள்ளையை நல்லபடியாக அனுப்பிவைப்போம் என்று தீர்மானித்தாள்.

அவளுக்குத் தெரிந்த விதத்தில்தான் அனுப்பினாள். மகளின் துணிகளையெல்லாம் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி பிடித்தாள். ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டரின் கோட்டுக்குக்கூட அவ்வளவு பதம் பார்த்ததில்லை. ஒவ்வொன்றையும் ஒரே அளவாக மடித்துப் பெட்டியில் அடுக்கினாள். ஒரு சுருக்கம் கிடையாது. காலுறைகளுக்கும் இஸ்திரி போட்டாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மகள் கட்டிலில் உட்கார்ந்து அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். கொலைக்கா நிமிர்ந்து பார்த்தபோதெல்லாம் மகள் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

இதற்கிடையில் கூடத்தில் ஒரு விசித்திரம் நடந்துகொண்டிருந்தது. புதன்கிழமைக்குப் பிறகு பந்தயம் நின்றுபோனது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. கொலை எப்போது வரும் என்று கேட்பதை மறந்துவிட்டார்கள். கதையில் அந்தப் பெண் பள்ளியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடும் இடம் வந்தது. ஒன்றுமே நடக்கவில்லை, சாப்பிடுகிறாள், அவ்வளவுதான். ஆனால் ஊசி விழுந்தால் கேட்கும். பெரியக்கா மூக்கைச் சிந்திவிட்டு ஆவிமேல் பழி போட்டாள், கொதிகலன் ஆறி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கும் சூப்பர்வைசர், எத்தனையோ வருடமாகக் கதையே காதில் விழாதவர்போல் கணக்குப் பார்க்கிற மனிதர், கதவை ஒரு சாண் திறந்து வைத்துக்கொண்டார்.

கொலைக்கா பிரமித்துப்போனாள். இத்தனை வருடமாக எத்தனை பிணங்களைப் போட்டிருக்கிறாள் இந்தக் கூடத்தில்! விஷம், கத்தி, கயிறு, மாடியிலிருந்து தள்ளுதல். ஒருவர் கை ஒரு நாளும் நின்றதில்லை. யார் செத்தாலும் விரிப்பு மடிந்துகொண்டே இருக்கும். இங்கே ஒரு சின்னப் பெண் சோற்றுப் பெட்டியைத் திறந்து மூடுகிறாள், இத்தனை பெண்கள் கையிலிருந்த துணியை மறந்து நிற்கிறார்கள். இது என்ன மாயம், மையால் அச்சடித்த தாளுக்குள் இது எங்கே இருக்கிறது என்று அவள் மெய்யாகவே பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

இன்னொரு விஷயமும் அந்த வாரத்தில் பளிச்சென்று உறைத்தது. கதையில் அந்தப் பெண் பள்ளி விட்டதும் நேராக வீட்டுக்குப் போகமாட்டாள். ஊர் நூலகத்தில் மூலையிலிருக்கும் நாற்காலிக்குப் போவாள், 'அங்கே யாரும் என்னை எதுவும் கேட்பதில்லை' என்பாள். அந்த வரியை இரண்டாவது தடவையும் வாசித்தாள் கொலைக்கா. இவ்வளவு மாதமாக மகள் மேசையில் வைத்த புத்தகங்கள் எங்கிருந்து வந்தன? பள்ளிக்கூடத்தில் கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். வாரத்துக்கு இரண்டு மூன்று, ஒவ்வொன்றும் தலையணை கனம், எந்தப் பள்ளிக்கூடம் கொடுக்கும்? பையைத் துழாவி, சட்டையை முகர்ந்து, செருப்பு மண்ணை ஆராய்ந்து, இல்லாத ஒரு பையனைக் கண்டுபிடித்த அந்த மகா துப்பறிவாளி, உண்மையான தடயத்துக்குத் தன் கையாலேயே நீல அட்டை போட்டுக் கொடுத்திருக்கிறாள். வெட்கத்தில் காது சூடேறியது.

மறுநாளே மகளிடம் அதைச் சொல்லியிருக்கலாம்.  போகிற பிள்ளையிடம் இப்போது போய் என்ன சொல்வது என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. காலையில் பெட்டியைப் பூட்டி வாசலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போனாள். வேலை முடிந்து வருவதற்கும் அவர் வருவதற்கும் சரியாக இருக்கும். மதியம் ஸ்டூலில் உட்கார்ந்தாள். புத்தகத்தில் இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. கதையிலும் ரயிலுக்கு முந்தின இரவு வந்துவிட்டது.

"அம்மா பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கினாள்," என்று வாசித்தாள். "ஈரத்துணியால் துடைத்தாள். பூட்டு துருப்பிடித்திருந்தது. செருப்பு தைக்கும் இயந்திரத்துக்கு விடும் எண்ணெயைக் கொண்டுவந்து இரண்டு சொட்டு விட்டாள். நான் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வாள் என்று நினைத்தேன். பூட்டைத் திறந்து திறந்து மூடிப் பார்த்தாள். இப்போது சொல்வாள். நான் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து இதற்காகத்தான் காத்திருக்கிறேன். போகாதே என்று ஒரே ஒரு சொல். சொன்னால் எழுந்து போய் அந்தப் பெட்டியைப் பரணில் திரும்ப ஏற்றிவிடுவேன். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். 'நல்ல பூட்டு' என்றாள்."

கொலைக்காவின் குரல் அதோடு நின்றது.

அவள் கண்ணுக்கு முன்னால் இஸ்திரி போட்ட காலுறைகள் வந்தன. ஒரே அளவாக மடித்த சட்டைகள், பெட்டியின் விளிம்போடு விளிம்பு. கட்டிலில் உட்கார்ந்து அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மகள். பிள்ளையை எவ்வளவு நன்றாக அனுப்புகிறோம் என்று இவள் நினைத்தாளே, எவ்வளவு சுத்தமாக என்னை வெளியேற்றுகிறாள் என்று அங்கே ஒருத்தி நினைத்திருப்பாள். வச்சுக்கோ என்று சொல்லிவிட்டு வாசலில் நின்றாளே, அது விடைபெற நின்றது இல்லை. அந்த ஒரு சொல்லைக் கேட்க நின்றது.

 புதுசும் இன்னொருத்தியும் ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்த விரிப்பு நடுவில் தொய்ந்து தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"சொல்லித் தொலையேன்டி!" என்று கத்தினாள் பெரியக்கா, கதையில் வரும் அந்த அம்மாவைப் பார்த்து. "பூட்டாம் பூட்டு! வாயில என்ன பூட்டு?"

"அடுத்த பக்கத்துல சொல்லுமாக்கா?" என்று புதுசு கேட்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

"சொல்லாது," என்றாள் கொலைக்கா. "சொல்லவே சொல்லாது. நான் கடைசிப் பக்கம் பாத்துட்டேன்."

 பெரியக்கா மெதுவாகக் கேட்டாள். "எப்பவும் பாப்பியா?"

"எப்பவும்."

"அடிப்பாவி! நான் எத்தனை டீ தோத்திருக்கேன்!"

வேறு நாளாக இருந்தால் கூடம் இரண்டாகியிருக்கும். அன்று அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் சண்டையைத் தள்ளிப்போட்டார்கள். கொலைக்கா எழுந்து நேராகக் கண்ணாடித் தடுப்புக்குப் போனாள்.

"சார், நான் வீட்டுக்குப் போகணும். இப்பவே."

சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கதவின் ஒரு சாண் இடைவெளியையும், அதற்கு அப்பால் தன்னையே பார்த்துக்கொண்டிருந்த பெண்களையும் பார்த்தார்.

"உங்க பங்கை அவங்க மடிச்சுடுவாங்க," என்றார். "கிளம்புங்க."

பேருந்துக்கு நிற்கப் பொறுமையில்லை. சவுக்கார வாசனை அடிக்கும் வேலை அங்கியோடே நடந்தாள், பாதி தூரம் ஓடினாள். மூன்று மாடி ஏறுவதற்குள் நெஞ்சு வாய்க்கு வந்துவிட்டது. வாசலில் பளபளவென்று ஒரு ஜோடி ஆண் செருப்பு. சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்.

அவர் நாற்காலியில் கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இவளைப் பார்த்ததும் எழுந்தார். மகள் வெளியே போகும் உடுப்பில், பெட்டியின் பிடியில் கை வைத்தபடி நின்றாள்.

"சீக்கிரம் கிளம்பினா இருட்டறதுக்குள்ள போயிடலாம்னு பார்த்தேன்," என்றார் அவர். "உன்கிட்ட சொல்லிட்டுப் போகலாம்னுதான் இருந்தோம்."

கொலைக்கா மூச்சு வாங்கினாள். இதே மனிதர், இதே வாசல், இதே மாதிரி ஒரு பெட்டி. இவர் முன்னால் மட்டும் அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது என்றுதான் ஆறு வருடம் முதுகை நிமிர்த்தி வைத்திருந்தாள். இவர் கீழே இறங்கிப் போகட்டும், பிறகு சொல்லலாமே என்று ஒரு எண்ணம் வந்தது. பிறகு என்று ஒன்று இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அதை இப்போதுதான் வாசித்துவிட்டு வருகிறாள்.

"போகாதே," என்றாள்.

அவர் குனிந்து சாவியைப் பார்த்தார். மகள்தான் கேட்டாள்.

"என்ன சொன்ன?"

"போகாதேன்னேன். நீ எங்க போயிட்டு வர்றேன்னு எனக்கு இப்பதான் தெரிஞ்சுது. நான் செஞ்சது தப்பு. அதுக்காகச் சொல்லலை. எனக்கு நீ இங்க வேணும்."

எத்தனை பேர் நிறைந்த கூடத்திலும் கடைசி மேசை வரை போகிற குரல், அந்தச் சின்ன அறையில் பாதி தூரம்தான் போனது. மகளின் கை பெட்டியின் பிடியை விடவில்லை. உதடு மட்டும் கோணியது.

"இன்னொரு தடவை சொல்லு," என்றாள்.

"போகாதே."

"இன்னொரு தடவை."

அவர் ஓசைப்படாமல் செருப்பை மாட்டிக்கொண்டு, "நான் கீழ வண்டிகிட்ட இருக்கேன்," என்று யாருக்கோ சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் படியிறங்கினார். கொலைக்காவுக்கு அது காதில் விழவில்லை. மூன்றாவது தடவை சொல்ல வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை, காற்றுதான் வந்தது.

மகளுக்கு அது கேட்டது. பெட்டியின்மேலேயே உட்கார்ந்து, நாலு வயதுக் குழந்தை அழுவதுபோல் வாய்விட்டு அழுதாள்.